கன்ட்ரோல் விசையில் தம்பியின் விரல்

முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை மதிலைத் தாண்டி நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை நினைத்தால், எனக்கு இருட்டுதான் முதலில் ஞாபகம் வருகிறது. 2012, மின்வெட்டு தமிழ்நாட்டையே ஆட்டிவைத்த வருஷம். கரண்ட் போனதும் தெரு முழுக்க ‘ஓ’வென்று ஒரு சத்தம் எழும். அம்மா விசிறியோடு வாசல்படிக்குப் போய்விடுவார். நானும் தம்பியும் லேப்டாப்பைத் திறப்போம்.

தம்பி பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் அது. அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பல வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்கு அங்கேதான் ‘ஆர்க்ஸ்’ கிடைத்தது.

‘ஆர்க்ஸ் ஃபடாலிஸ்’ பிரான்சின் ஆர்க்கேன் நிறுவனம் உருவாக்கி, 2002இல் வெளிவந்த விளையாட்டு. சூரியன் அணைந்துபோக, மனிதர்களும் பூதங்களும் பூமிக்கடியில் சுரங்கங்களில் குடியேறிவிட்ட உலகம். பேர் மறந்துபோன ஒருவனாக, சிறைக் கொட்டடியில் கண்விழிப்போம். கையில் வாள் வருவதற்கு முன்னால் ஒரு எலும்புதான் ஆயுதம். 2011 பொங்கல் சமயத்தில் அதன் மூல நிரலை ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். அதைச் செப்பனிட்டு, லினக்ஸிலும் ஓடும்படி ‘ஆர்க்ஸ் லிபர்டாடிஸ்’ என்று ஆர்வலர்கள் இலவசமாகத் தந்தார்கள். படங்களும் ஒலிகளும் வேண்டுமென்றால் மூல விளையாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இலவச முன்னோட்டப் பகுதியை வைத்தும் ஓட்டலாம். மாதக்கணக்கில் அந்த முன்னோட்டத்திலேயே சுற்றினோம். முதல் சம்பளம் வந்ததும் முழுசாக வாங்கினேன்.

மவுஸ் என் கையில், கீபோர்டு தம்பி கையில். ஒரு வீரனுக்கு இரண்டு பேர். மவுஸை அழுத்திப் பிடிக்கப் பிடிக்க வாளின் ஓங்கல் பலம் கூடும். திரையின் அடியில் ஒரு மணிக்கல் மெல்ல ஒளிரும். விடும் நேரத்தில் கால் எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கேற்ப வெட்டும் மாறும். கால் அவனுடையது. ஒரு நொடி பிந்தினால் எதிரி எங்களைப் போட்டுவிடுவான். வாயால் சொல்லி ஆகிற காரியமில்லை அது. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தவனின் மூச்சை வைத்தே எப்போது முன்னேறுவான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மந்திரத்துக்கு அவன் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் மவுஸால் காற்றில் எழுத வேண்டும். இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தால் ‘ஆம்’. உண்டாக்கு என்று பொருள். நம்முடைய ‘ஆம்’தான் என்று தம்பி சாதிப்பான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விளையாட்டிலும் தீப்பந்தம் எரிந்து எரிந்து தீரும். வீட்டில் பேட்டரி தீரும். “பந்தம் அணையப் போவுதுண்ணா, சீக்கிரம்” என்பான். இரண்டு இருட்டுக்கும் நடுவே, திரையில் நெருப்போரம் வைத்த இறைச்சி நிறம் மாறி வெந்துகொண்டிருக்கும். சமையலறையில் எங்களுக்கான தோசை மாவு புளித்துக்கொண்டிருக்கும். கரண்ட் வந்தால் தெருவே கைதட்டும். எங்களுக்கு மட்டும் மனசு வாடும்.

போன மாதம் ‘ஆர்க்ஸ் லிபர்டாடிஸை’ மறுபடி நிறுவினேன். இன்றைக்கும் இலவசம்தான், பெரிய திரையில் முன்பைவிடத் தெளிவாகவே ஓடுகிறது. கொட்டடி அதே கொட்டடி. அறை விளக்குகளை நானே அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் எதிரி வந்தான். எலும்பை ஓங்கினேன், கல் ஒளிர்ந்தது, கால் நகரவில்லை. என் இடக்கை மடியிலேயே கிடந்தது.

திரையைப் படமெடுத்து தோஹாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். அவனுக்கு வேலை நேரம். ராத்திரி பதில் வந்தது: “அண்ணா, கன்ட்ரோல யாரு புடிச்சிருக்கா?”