கடந்த ஏழு நாட்களில்

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் விசைப்படகுகள் அரசலாற்று முகத்துவாரத்தில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஜூன் 14 வரை அவற்றுக்கு வேலையில்லை. கிளிஞ்சல்மேட்டில் ஒரு திண்ணை. கழுத்தில் அடையாள அட்டையும் மடியில் டேப்லெட்டுமாக ஒரு பெண். "மெட்ராஸ்ல சின்ன ஆய்வு ஆபீஸ்மா. விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்" என்று ஒப்புதல் வாசகத்தை மூச்சுவிடாமல் படிக்கிறாள். எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மா, "கேளு பாப்பா, ஒனக்கும் பொழப்பு நடக்கணும்ல" என்கிறார்.

"போன ஏழு நாள்ல மீன் எவ்வளவு வாங்குனீங்க?"

"மீனை எதுக்கு வாங்கணும்?" அம்மாவுக்குச் சிரிப்பு. கொழுந்தனார் பைபர் படகில் கரையோரமாய்ப் போய்விட்டு வந்து ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போனாராம். ஒரு கை என்றால் எத்தனை கிலோ? பெண் யோசிக்கிறாள். என்ன மீன், இன்றைக்குச் சந்தையில் என்ன விலை என்று கேட்டு ஒரு தொகை போடுகிறாள். காசு கொடுக்காமல் வந்ததற்கும் விலை போட்டால்தான் குடும்பச் செலவுக் கணக்கு நேராகும். எங்கோ ஒரு பொருளாதார அறிஞர் பார்க்கப்போகும் தசமப்புள்ளி இந்தத் திண்ணையில்தான் பிறக்கிறது.

"கடன் ஏதாவது?"

"ஒண்ணுமில்ல."

பெண்ணின் பார்வை அம்மாவின் வெறும் காதில் நிற்கிறது. "நகை எங்கயாச்சும் அடகுல இருக்காம்மா?"

"அது இருக்கு."

டேப்லெட்டில் அப்படி ஒரு கேள்வி இருந்ததா, அவளாகக் கேட்டாளா, தெரியவில்லை. அவளாகக் கேட்டிருந்தால் கூலியைக் கூட்டிக் கொடுக்கலாம்.

அடுத்து ரேஷன். "அரிசிக்குப் பதிலா பணம் போட்டாங்களே, ஒழுங்கா வந்துச்சா?"

"வந்துச்சுன்னாங்க."

2015 செப்டம்பரில் புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுக்க அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் என்று ஆனபோது, நிதி ஆயோக்குக்காகப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் வீடு வீடாகக் கேட்கச் செய்தார்கள். அனுப்பியாயிற்று என்றது அரசுக் கணக்கு. வரவில்லை என்றார்கள் பலர். பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்றே தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளிக்கு முன் மறுபடி திறந்தன. ஆனால் அந்தப் பழைய பணத்தைப் பற்றி 'வந்துச்சுன்னாங்க' என்பதை ஆம் என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா? பெண்ணின் விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கிறது. "பாஸ்புக்கு இருக்காம்மா?" அம்மா உள்ளே போய்த் தேடுகிறார். உறுதியாகத் தெரியாமல் அவள் எதையும் அழுத்துவதில்லை. நாளை மேற்பார்வையாளர் போன் போட்டு இதே கேள்வியை மறுபடி கேட்பார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்குள் பக்கத்து வீட்டம்மா வந்து இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"எங்க வூட்டுக்கு எப்ப வருவ?"

"உங்க வீடு லிஸ்ட்ல இல்லம்மா."

"அவ வூட்டுலயாச்சும் கொழுந்தன் படகு இருக்கு. எனக்கு அதுவும் இல்ல. என்னையில்ல கேக்கணும்?"

"நாங்க எடுக்கறதில்லம்மா. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுக்குது."

"குலுக்கலா!" பக்கத்து வீட்டம்மாவின் முகம் மாறுகிறது. "அவளுக்கு என்னா பரிசு விழுந்துச்சு?"