அக்கா குரல், தங்கை குரல்

லதா மங்கேஷ்கரா, ஆஷா போஸ்லேயா, யார் பெரியவர் என்று யாராவது கேட்டால் எனக்கு மனசே ஆறாது. ஒரே அப்பா தீனாநாத், ஒரே வீட்டுச் சங்கீதம். 1942-இல் அப்பா இறந்தபோது லதாவுக்கு 12 வயது, ஆஷாவுக்கு 8. குடும்பப் பாரம் மூத்தவள் தலையில் விழுந்தது. மூத்தவளுக்கு அப்படித்தான் எழுதியிருக்கும் போல.

இசையமைப்பாளர் ஓ.பி. நய்யார் லதாவைப் பாடவைத்ததே இல்லை. ஆஷாவின் குரலில் இருந்த துள்ளலை அவர் கண்டுகொண்டார். ஆனால் துள்ளல் மட்டும்தான் ஆஷா என்று நினைத்தவர்களுக்கு 'உம்ராவ் ஜான்' (1981) பதில் சொன்னது. இசையமைப்பாளர் கய்யாம் சுருதியை இறக்கிப் பாடவைத்தார். தேசிய விருது வந்தது. நமக்கும் இளையராஜா புண்ணியத்தில் இருவரும் கிடைத்தார்கள்: 'எங்க ஊரு பாட்டுக்கார'னில் ஆஷா, மறு வருஷமே 'சத்யா'வில் லதா.

எங்கள் வீட்டிலும் ஒரு அக்கா குரல், ஒரு தங்கை குரல் உண்டு. நானும் அக்காவும் போனில் பேசினால் அம்மாவுக்கே ஆள் தெரியாது. "ம், சொல்லும்மா" என்பதுகூட ஒரே மாதிரி. கோபம் வந்தால்தான் வித்தியாசம்: அவள் பேச்சைக் குறைப்பாள், நான் சத்தத்தைக் கூட்டுவேன். அவளுடைய அந்த அமைதியை நான் உண்மையிலேயே மதிக்கிறேன்.

'உத்சவ்' (1984) படத்தில் சகோதரிகள் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டு ஒன்று உண்டு. லதா இழையை நேராக நீட்டுகிறார். ஆஷா அதன் நுனியைச் சற்றே சுழிக்கிறார். சுருதி மட்டும் இருவருக்கும் இம்மி பிசகுவதில்லை. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அக்கா, தங்கை இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள்.