பிடிமானம்

எழுபது வயதுக்கு மேல் முதுகு வலிக்கிறது என்றால், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் பதில். எலும்புத் தேய்மானம் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லா வலியும் அதன் கணக்கில் ஏறிவிடும். ஆனால் படுத்தாலும் அடங்காத வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இளைத்துப்போகும் உடம்பு எல்லாம் வேறு கதை. என் அப்பத்தாவுக்கு எம்.ஆர்.ஐ.யில் இரண்டு முள்ளெலும்புகள் அரித்திருந்தன. ஊசி விட்டு எடுத்த துணுக்கில் காசநோய் என்று வந்தது.

1779இல் பெர்சிவல் பாட் விவரித்த பழைய நோய் இது. 1975இல் வாரணாசியின் எஸ்.எம். துலி 'நடுவழி' ஒன்றை முன்வைத்தார்: மருந்து எல்லோருக்கும், கத்தி தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். கிருமியைக் கொல்வது மருந்துதான். நரம்பு அழுந்திக் கால் பலம் குறைந்தாலோ, முதுகெலும்பு நிலைகுலைந்தாலோதான் அறுவை.

அப்பத்தாவுக்குக் கால் தளர ஆரம்பித்திருந்தது. சிக்கல் அங்கேதான். "உளுத்த கட்டையில திருகு நிக்காது தம்பி" என்றார் டாக்டர். எலும்பு பஞ்சாக இருந்தால், முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் டைட்டானியம் திருகுகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் மேலும் கீழும் கூடுதல் எலும்புகளில் திருகு போட்டு பாரத்தைப் பகிர்வார்கள்; துளையுள்ள திருகு வழியாக எலும்பு சிமெண்ட் செலுத்துவதும் உண்டு, அதுவும் தொற்று இல்லாத எலும்புகளில். திருகு எப்போதைக்குமான தூண் இல்லை. எலும்போடு எலும்பு சேரும்வரை தாங்கினால் போதும். சேர்வது முந்துமா, தளர்வது முந்துமா என்பதுதான் பந்தயம்.

"இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்?" என்றார் பெரியப்பா. நியாயமான பயம். ஆனால் எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் சொல்வதுபோல 'எதையும் தொடாம விட்டுடலாம்' என்பது இங்கே இலவசமில்லை. படுக்கையிலேயே கிடந்தால் இருக்கிற எலும்பும் கரையும். படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு எல்லாம் வரிசையில் நிற்கும்.

நாங்கள் சதவீதம் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டது: "பாத்ரூமுக்கு நானாப் போவேனா?"

"போக வைக்கத்தான் பாக்குறோம் பாட்டி" என்றார் டாக்டர். அது போதுமென்று சொல்லிவிட்டது.

மாத்திரை ஒரு வருஷம் ஓடியது. கடைசி எக்ஸ்ரேயில் மேல் திருகு ஒன்று லேசாகத் தளர்ந்திருக்கிறது, எலும்பு சேர்ந்துவிட்டது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு போகிறது. யாராவது கூட எழுந்தால் திட்டு விழும்.