அஞ்சு ஸ்டார், ரெண்டு நட்டு

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்கள் வழியில் எதை எதையோ பார்த்துக்கொண்டு போவார்கள். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, மதுராந்தகத்தில் அதைவிடப் பெரிய ஏரி, மேல்மருவத்தூரில் சிவப்புப் புடவைகள், விக்கிரவாண்டியில் டோல்கேட். நான் பார்ப்பது வேறு. ரோட்டோரத்தில் பழைய டயர் ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் வெள்ளைப் பெயின்ட்டில் 'பஞ்சர்' என்று எழுதியிருப்பார்களே, அதை எண்ணிக்கொண்டே போவேன். கோபுரத்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி, அந்தத் தொங்கும் டயரைக் கண்டால் எனக்குக் கை தானாக எழும்பும்.

காரணம் இருக்கிறது.

அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் காரியம். அம்மா, மனைவி, யு.கே.ஜி. படிக்கும் மகள், நான், எங்கள் பழைய ஆல்ட்டோ. முன் டயர் இரண்டும் வழுக்கைத் தலையாக இருந்ததால், கிளம்புவதற்கு முதல் நாள் மாற்றிவிடலாம் என்று போனேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போயிருந்தால் பத்துக் கடை ஏறி இறங்கி விசாரித்திருக்கலாம். சோம்பேறித்தனம். வீட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் போட்ட ஒரு கடையில் நுழைந்தேன்.

உள்ளே காபி கொடுத்தார்கள். காபி கொடுக்கிற டயர் கடையைச் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. "நைட்ரஜன் போடலாமா சார்? கூல் காத்து" என்றார் மேனேஜர். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அதை இத்தனை வருஷமாக இலவசமாகத்தான் அனுபவித்து வருகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். என் சாமர்த்தியம் அத்தோடு சரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் ஏர் கன்னை வைத்து 'டுர்ர்ர்' என்று நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது 'டுர்ர்ர்' முடிந்ததும் பெரிய வண்டி ஒன்று உள்ளே வந்தது. மேனேஜர் குரல் கொடுத்தார். பையன் மீதி இரண்டு நட்டையும் கையால் திருகிவிட்டு, பிளாஸ்டிக் மூடியைத் தட்டி மாட்டிவிட்டு ஓடினான். நான் பார்த்தேனா? இல்லை. என் செல்போனில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. 'எங்கள் சேவை எப்படி? ஸ்டார் கொடுங்கள்.' குனிந்து அஞ்சு ஸ்டார் போட்டுக்கொண்டிருந்தேன்! நடந்ததெல்லாம் மறுநாள் நானே கூட்டிக் கழித்துப் புரிந்துகொண்டது.

பில்லில் ஒரு ஜி.எஸ்.டி., ரோட்டில் ஒரு ஜி.எஸ்.டி. முதலாவதைக் கட்டியாகிவிட்டது, இனி இரண்டாவதில் நிம்மதியாகப் போகலாம் என்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம்.

மதுராந்தகம் தாண்டும்போது அம்மா ஏரிகாத்த ராமர் கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பெனி காலத்தில் லயோனல் பிளேஸ் என்று ஒரு கலெக்டர், மழை ராத்திரியில் கரை உடைந்துவிடுமோ என்று பார்க்கப் போனாராம். ராம லட்சுமணர்கள் வில்லும் கையுமாகக் கரையில் காவல் நின்றார்களாம். கதை அந்த இடத்துக்கு வந்தபோதுதான் அந்தச் சத்தம்.

டக்... டக்... டக்...

"டயர்ல கல்லு மாட்டியிருக்கும்" என்றேன்.

மனைவி ரேடியோவை நிறுத்தினாள். "கல்லு மாதிரி இல்லீங்க. உள்ள ஏதோ உருளுது. ஸ்டீயரிங் வேற ஆடுது பாருங்க."

ஆடியது. ஓரம் கட்டினேன். இடது முன் சக்கரத்தின் மூடியைக் கழற்றினால், உள்ளேயிருந்து இரண்டு நட்டுகள் கிலுகிலுப்பையிலிருந்து கொட்டுகிற மாதிரி என் உள்ளங்கையில் விழுந்தன. மிச்சம் இருந்த இரண்டைத் தொட்டுப் பார்த்தேன். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி விரலாலேயே திருகினால் திரும்புகிறது! இதோடு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறேன். பின்சீட்டில் அம்மா, அம்மா மடியில் குழந்தை.

ராமர் அன்றைக்கு ஏரியை மட்டும் காக்கவில்லை.

இருநூறு அடி தள்ளி ஒரு தொங்கும் டயர் தெரிந்தது. ஓலைக் கொட்டகை, ஒரு கம்ப்ரஸர், அறுபது வயதுப் பெரியவர், தலையில் துண்டு. சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"வண்டியில யார் யாரு போறீங்க, தம்பி?"

வெயிட் கணக்குப் பார்க்கிறார் போல என்று நினைத்து, "அம்மா, சம்சாரம், குழந்தைங்க" என்றேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

இருக்கிற நட்டை முடுக்கிவிட்டு அனுப்பியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. அவர் சக்கரத்தையே கழற்றினார். அது உட்காருகிற இடத்தில் இருந்த துருவையும் மண்ணையும் துணியால் துடைத்தார். நாலு போல்ட்டின் மரையையும் விரலால் தடவிப் பார்த்தார். உருண்டு உருண்டு மரை தேய்ந்துபோன ஒரு நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய பால் டின்னைக் கவிழ்த்து அதற்கு ஜோடி தேடினார். எல்லாவற்றையும் முதலில் கையால் ஏற்றினார். அப்புறம் ஒன்றை முடுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளது, இப்படிக் குறுக்கும் மறுக்குமாக. ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகு கடைசி முடுக்கு.

"அவ்வளவுதானா?" என்று பர்ஸை எடுத்தேன்.

"எங்க அவ்வளவுதான்? திண்டிவனம் தாண்டி டீ குடிப்பீங்கல்ல, அப்ப நாலையும் இன்னொரு தபா முடுக்கிப் பாருங்க. கழட்டி மாட்டின சக்கரம் அம்பது, நூறு கிலோமீட்டர் ஓடினாத்தான் சரியா உக்காரும்."

எழுந்தவர் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்து, "இது புதுசுன்னா குடுத்தாங்க?" என்றார். டயரில் ஒரு சின்ன ஓவலுக்குள் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரத்தில் தயாரானது. என்னுடையதைக் கணக்குப் போட்டேன். நான் பேரம் பேசி வாங்கிய 'புது' டயருக்கு என் மகளின் வயது!

நூறு ரூபாய் கேட்டார். இருநூறு கொடுத்தேன், நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது, "யார் யார் போறீங்கன்னு ஏன் பெரியவரே கேட்டீங்க?" என்றேன்.

"எல்லாரையும் கேப்பேன். கேட்டுட்டா கை ஒழுங்கா வேலை செய்யும்."

இதற்கு நேர் எதிர்க் கதையும் என்னிடம் உண்டு. சில வருஷங்களுக்கு முன், இதே ரோட்டில், உளுந்தூர்பேட்டை தாண்டி ராத்திரி பதினொரு மணிக்குப் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டலாம் என்றால் நட்டு அசையவில்லை. வேறொரு கடையில் ஏர் கன்னை விடாமல் அழுத்திப் பிடித்து இறுக்கியிருந்தார்கள். கம்பெனி கொடுத்த ஸ்பானர் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறிக் குதித்தேன். என் எடைக்கு அது மசியவில்லை. கடைசியில் ஒரு லாரி கிளீனர் வந்து, ஸ்பானரில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி ஒரே அமுக்கில் கழற்றினார். ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்று இல்லை! அது மட்டும் கடைக்காரன் தப்பு இல்லை, என் தப்பு.

ஆகவே ஆபீஸ் நண்பர்களே, டயர் மாற்றப் போனால் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டி பக்கத்தில் போய் நின்று குடியுங்கள். அந்த நாலு எண்களைப் படியுங்கள். காற்று எவ்வளவு என்று டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் போட்டிருக்கும், அந்த அளவைக் கேளுங்கள். சக்கரம் ஓடிச் சூடாவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. திண்டிவனம் வருவதற்குள் பாதி குறைந்துவிட்டது. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீசில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவன் நான். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல், வவுச்சரைப் பிரித்தே பார்க்காமல் பச்சை மசியில் வரிசையாக 'டிக்' போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கை நம்பிப் போகிறவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பையன் மாட்டிய மூடியும் என் பச்சை டிக்கும் ஒன்றுதான். என்ன, என் டிக் கழன்றால் டக் டக் என்று சத்தம் வராது.

திண்டிவனம் தாண்டி டீக்கடையில் நிறுத்தி முடுக்கிப் பார்த்தேன். நாலில் ஒரு நட்டு கால் சுற்று திரும்பியது. அம்மா மண்டபத்தில் அப்பா காரியம் நல்லபடியாக முடிந்தது.

ஊர் திரும்பியதும் அந்தக் கடைக்குப் போனேன். "அப்படி நடக்க சான்ஸே இல்ல சார், எங்க பையன் டிரெயினிங் எடுத்தவன்" என்றார் மேனேஜர். தேய்ந்த நட்டை மேஜை மேல் வைத்தேன். மறுபடியும் காபி கொடுத்தார். டயரை மாற்றித் தரச் சொன்னதற்கு, பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளைக் காட்டினார்.

வெளியே வந்து செல்போனை எடுத்தேன். போட்ட ஸ்டாரைத் திருத்த வசதி இருக்கிறதாம். அஞ்சை ரெண்டாக மாற்றினேன்.

முடுக்கிய நட்டுக்கு ஒன்று வீதம்.