அடியில் துளிர்க்கும் கொடி

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலை மலைகளுக்கு நடுவே குடுவைத் தாவரங்களை வளர்க்கும் நாற்றங்கால் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் பெண்களில் பலர் தோட்டத்து லயங்களிலிருந்து வருகிறவர்கள். போர்னியோ, சுமத்ரா மலைகளின் நெப்பந்தஸ் என்னும் குடுவைத் தாவர இனங்களுக்கு மிதமான பகலும் குளிர்ந்த இரவும் ஓயாத ஈரக்காற்றும் வேண்டும். இந்த மலையில் அவை தாமாகவே கிடைக்கின்றன.

ஒரே இனத்துச் செடிகளை வயதுவாரியாக வைத்திருந்த மேசைக்கு ஓர் அக்கா என்னை அழைத்துப்போனார். முதலில் விதை நாற்றுகள். விரல்நகத்தளவுகூட இல்லை, அதற்குள் இலைநுனிகளில் குடுவை வந்துவிட்டது. அடுத்து, இலைகள் நெருங்கித் தரையோடு வட்டமாகப் படர்ந்தவை. இவற்றின் குடுவைகள் பருத்தவை. முன்புறம் மயிர்விளிம்புள்ள இரு சிறகுகள் உண்டு. கடைசியில், கணுவிடை நீண்டு கம்பியைப் பற்றி ஏறும் கொடிகள். மேலே தொங்கும் குடுவைகள் புனல் வடிவில் ஒடுங்கியிருந்தன. சிறகுகள் வெறும் வரம்புகளாகச் சுருங்கிவிட்டன. பற்றுக்கம்பியும் குடுவையின் முன்புறத்தை விட்டுப் பின்புறத்தில் சேர்ந்திருந்தது.

“இதப் பாத்துட்டு, வேற செடி வந்திருச்சுன்னு சண்டைக்கு வர்றவங்களும் இருக்காங்க சார்” என்று சிரித்தார்.

ஏறிய கொடி பூக்கும். ஆண்பூ ஒரு செடியிலும் பெண்பூ வேறொரு செடியிலும்தான். ஆண்கொடியை வெட்டிப் பதியம் போட்டால் வருவதெல்லாம் ஆண்தான். ஆகவே பூத்த செடியில் உடனே அடையாள அட்டை கட்டிவிடுகிறார்கள்.

கொடி முதிரும் காலத்தில் அடித்தண்டின் உறங்கும் மொட்டுகளிலிருந்து புதுத்தளிர் கிளம்பும். அதில் மறுபடியும் வட்ட இலையடுக்கு, மறுபடியும் சிறகு வைத்த பருத்த குடுவை. ஒரே வேரில் மேலே முதுமையும் கீழே இளமையும் சேர்ந்திருக்கும். நெப்பந்தஸ் ஆம்புலாரியாவில் இத்தகைய தளிர்களின் குடுவைகள் காட்டுத்தரையையே மூடிக் கிடக்கும்.

இதை அந்தப் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. “கவ்வாத்து வெட்டுனா தேயிலை அடியில இருந்து துளிர்க்குதுல்ல? அதே கணக்குதான்” என்றார் அக்கா. நுனியை வெட்டினால் தளிர்களுக்கு வேகம் கூடுகிறது. வெட்டிய தண்டை இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாக்கி, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரப்பாசியில் ஊன்றுகிறார்கள். அடித்தளிரை மட்டும் அவசரப்பட்டுப் பிரிப்பதில்லை. பிரித்தே ஆகவேண்டுமானால் அது சொந்த வேர் விட்டபிறகுதான். கறுத்த, மெல்லிய வேர். சற்று இழுத்தாலும் அறுந்துவிடும்.

இலங்கைக்கு மட்டுமே உரிய நெப்பந்தஸ் டிஸ்டிலடோரியாவின் இயல்பிடம் தென்மேற்கின் ஈரமான தாழ்நிலம். லின்னேயஸ் 1753-இல் பெயர் சூட்டிய அந்த இனத்துக்கும் வளர்பருவங்கள் இவையேதான்.

வீட்டில் இச்செடி வளர்ப்பவர்கள் அடியில் தளிர் கண்டால் விட்டுவையுங்கள். கொடி பட்டுப்போனாலும் செடி பிழைத்துக்கொள்ளும். வாங்கும்போது நாற்றங்காலில் பெருக்கியதா என்று கேளுங்கள். மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா, போர்னியோவின் நெப்பந்தஸ் ராஜா ஆகிய இரண்டும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும், மற்ற நெப்பந்தஸ் இனங்கள் இரண்டாம் பட்டியலிலும் உள்ளன. ஒரு தண்டிலிருந்து பல செடிகளை எடுக்கத் தெரிந்த கைகள் இருக்கும்போது, காட்டில் தோண்டியதை வாங்க ஒரு நியாயமும் இல்லை.