கண்ணாடியில் தங்கிய முகம்

கேமரன் மலையில் வெயில் அடித்தாலும் சுவர் காய்வதில்லை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மாலையானால் தேயிலைச் சரிவிலிருந்து எழும் பனிமூட்டம் வீட்டுக்குள்ளும் வந்துவிடும். துணி, புத்தகம், அரிசி என எல்லாவற்றிலும் ஈரம் ஏறும். நிழற்படத்திலும் ஏறும் என்பதை நான் காலந்தாழ்ந்தே அறிந்தேன்.

அங்குள்ள தமிழ்ப்பள்ளியொன்றில் பணியாற்றியபோது, தோட்ட வரலாற்றுக் கண்காட்சிக்காக மாணவர்களின் வீடுகளிலிருந்து பழைய படங்களைத் திரட்டினேன். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய செய்தி நூல்களில் உண்டு. கொழுந்து கிள்ளியவர்களின் முகங்களைத்தான் தேட வேண்டியிருந்தது. 1948இல், அவசரகாலத்தில், 12 வயது நிரம்பியோருக்குப் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. தோட்டத்து மக்களில் பலர் முதன்முறை கேமராவின்முன் நின்றது அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு மாணவி தன் கொள்ளுப்பாட்டியின் படத்தைக் கொண்டுவந்தாள். அவருக்கு இருந்த ஒரே படம் அது. கண்ணாடியின்மேல் வெள்ளிதோறும் வைத்த குங்குமம் கெட்டிப்பட்டிருந்தது. தெளிவாக ஸ்கேன் செய்யலாமே என்று சட்டத்தைப் பிரித்து, படத்தை மெல்ல இழுத்தேன். மெல்லிய கிழிசல் ஓசை கேட்டது. தாளில் பாட்டியின் இடக்கண்ணும் கன்னமும் இல்லை. அவை கண்ணாடியில் இருந்தன.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் காணும் உருவம் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. அத்துகள்களைத் தாளின்மீது பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின். விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படும் பசை. ஈரம் பட்டால் அது உப்பி இளகும். பின் காயும்போது எதிரே இருப்பதைப் பற்றிக்கொள்ளும். பூஞ்சைக்கும் அதுவே உணவு. இத்தனையும் பிறகு படித்தவை. உங்கள் வீட்டில் அப்படி ஒட்டிய படம் இருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு வைத்தே படம் பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சட்டமிடும்போது, படத்தின் விளிம்பைச் சுற்றித் தடித்த அட்டை வைத்துக் கண்ணாடி படாமல் விலக்கச் சொல்லுங்கள்.

அன்று மாலையே லயத்து வீட்டுக்குச் சென்றேன். மாணவியின் பாட்டி, அதாவது படத்தில் இருந்தவரின் மகள், தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"கண்ணாடிய வீசிட்டீங்களா சார்?"

"இல்லைம்மா. கொண்டுவந்திருக்கிறேன்."

வாங்கி, முந்தானையால் துடைக்கப் போனவர், சட்டெனக் கையை நிறுத்திக்கொண்டார். தாளைக் கண்ணாடியின் அடியில் வைத்து, இம்மி இம்மியாக நகர்த்தினார். கண் கண்ணின் இடத்துக்கு வந்தது. கன்னத்தின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெண்கோடு மட்டும் மறையவில்லை.

"ஆணி அடிங்க சார், நான் பிடிச்சிக்கிறேன்" என்றார்.

நான்கு ஆணிகள் அடித்தேன். என் கைதான் நடுங்கியது.