மரத்தில் தொங்கும் வேட்டைக்காரனுக்கு எந்த ஹார்னஸ்?

அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டை சூடுபிடிப்பது அக்டோபர், நவம்பர் மாதங்களில். உரிமம் வாங்கிக்கொண்டு வில்லோடு காட்டுக்குள் போகிறவர்களில் பலர் தரையில் நிற்பதில்லை. மானுக்கு மோப்ப சக்தி அதிகம், சின்ன அசைவு தெரிந்தாலும் ஓடிவிடும். அதனால் 15 முதல் 20 அடி உயரத்தில் மரத்தோடு மரமாகக் காத்திருப்பார்கள்.

இதற்குப் பல காலமாகப் பயன்படுவது மரத்தில் பொருத்தும் உலோக இருக்கை. அதன் கனமும் பெரிது, சுமந்து போகும்போது எழுப்பும் சத்தமும் பெரிது! அதற்கு மாற்றுதான் 'ட்ரீ சேடில்'. துணியும் பட்டையும் சேர்த்துத் தைத்த, இடுப்பில் அணியும் ஊஞ்சல் என்று சொல்லலாம். மரத்தில் கட்டிய கயிற்றோடு அதை இணைத்துவிட்டு, மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும். கால் ஊன்ற ஒரு சிறு மேடை. அவ்வளவுதான். 1980களிலேயே சிலர் இதைப் பயன்படுத்தினாலும், பரவலானது 2010களின் பிற்பாதியில்தான்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. பாறை ஏறப் பயன்படும் ஹார்னஸ் மலிவாகக் கிடைக்கிறது. நல்ல சேடில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலை. கையில் காசு குறைவாக இருக்கும் ஒரு கல்லூரி மாணவன் பாறை ஹார்னஸையே மரத்துக்கும் கட்டிக்கொண்டால் என்ன?

பலத்தை மட்டும் பார்த்தால் தவறே இல்லை. பாறை ஏறுபவர்கள் இடுப்பில் அணியும் ஹார்னஸ் 15 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரம். ஏறக்குறைய 1500 கிலோ எடை! எந்த வேட்டைக்காரனும் அவ்வளவு கனமில்லை. ஆனால் பிரச்சினை பலத்தில் இல்லை, பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது.

பாறை ஏறுபவர் ஹார்னஸில் தொங்குவது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். மற்ற நேரத்தில் கையும் காலும்தான் உடலைத் தாங்குகின்றன. வேட்டைக்காரனோ நான்கைந்து மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருப்பான். மெல்லிய தொடைப்பட்டை அரை மணியில் வெட்ட ஆரம்பிக்கும், கால் மரத்துப்போகும். சேடிலில் எடை முழுவதும் அகலமான துணியில் பரவுகிறது. இடுப்பின் இரு பக்கத்தையும் 'பிரிட்ஜ்' என்ற குறுங்கயிறு இணைப்பதால், மரத்தைச் சுற்றி எந்தப் பக்கமும் திரும்பலாம். பாறை ஹார்னஸில் இணைப்பு முன்பக்கம் ஒரே இடத்தில்தான்.

இன்னொரு வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது. மரத்திலிருந்து விழுபவர்களில் பலர் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். அந்த நேரத்தில் காப்பது மின்கம்பத்தில் லைன்மேன் கட்டிக்கொள்வது போன்ற, மரத்தைச் சுற்றி வரும் கயிறு. அதை மாட்ட சேடிலின் இரு பக்கமும் பலமான வளையங்கள் உண்டு. பாறை ஹார்னஸின் பக்கங்களிலும் வளையங்கள் இருக்கின்றன. பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அவை சாமான் தொங்கவிட மட்டுமே. பெரும்பாலானவை சில கிலோவுக்கு மேல் தாங்க என்று செய்யப்பட்டவை அல்ல. அதில் லைன்மேன் கயிற்றை மாட்டுவது தற்கொலைக்குச் சமம். 20 அடியிலிருந்து விழுகிறவன் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர்.

சரி, சேடில் வாங்கியாகிவிட்டது. அதோடு பாதுகாப்பு முடிந்ததா? இல்லை. சேடில் விழுபவனைப் பிடிப்பதற்கான கருவி அல்ல, விழவிடாமல் வைத்திருப்பதற்கான கருவி. கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். மரத்தில் தலை மட்டத்துக்குக் கீழே கட்டிவிட்டு, தளர்வாக விட்டு எழுந்து நின்றால், சறுக்கும்போது அந்தத் தளர்வு முழுவதும் விழும் தூரமாக மாறும். பாறை ஏறும் கயிறு ரப்பர் போல நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சேடில் கயிறுகள் பெரும்பாலும் நீளாதவை, அதிர்ச்சி நேராக இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் போகும்.

தொடைப்பட்டை தொந்தரவு என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் சறுக்கும்போது சேடில் மேலேறி வயிற்றையும் நெஞ்சையும் நெரிக்கும். விழுபவரைத் தடுத்து நிறுத்த வெறும் இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1998 ஜனவரி 1 முதல் விதித்ததற்கு இத்தகைய காயங்களும் ஒரு காரணம். அசையாமல் தொங்குவதும் ஆபத்து. கால்களில் இரத்தம் தேங்கி, அரை மணி நேரத்துக்குள்கூட மரணம் நேரலாம் என்று அதே துறை எச்சரித்திருக்கிறது. ஆகவே கால் ஊன்றி எழ ஒரு கயிற்று வளையமும், கைக்கெட்டும் இடத்தில் போனும் அவசியம்.

பழைய சாமான் வாங்குபவர்கள் டாட் ஸ்கின்னரை நினைத்துக்கொள்ள வேண்டும். உலகப் புகழ்பெற்ற அமெரிக்கப் பாறை ஏறும் வீரர். 2006 அக்டோபரில் யோசமிட்டியில் அவர் கயிற்றில் இறங்கும்போது, தேய்ந்திருந்த ஹார்னஸின் முன்வளையம் அறுந்து விழுந்து இறந்தார். அனுபவம் தேய்ந்த பட்டையைத் தாங்காது. தையல் பிரிந்த, வெயிலில் வெளுத்த, யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று தெரியாத ஹார்னஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? பக்க வளையங்கள் பாரம் தாங்க என்று உற்பத்தியாளர் எழுதியிருக்கிறாரா, தொடைப்பட்டை இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கட்டி, குளிர்கால உடையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வசதி என்பது இங்கே சொகுசு அல்ல. வலிக்கிற ஹார்னஸை மனிதன் தளர்த்துவான், பிறகு கழற்றுவான். மூன்றாவது மணி நேரத்திலும் கழற்றத் தோன்றாத ஹார்னஸ் எதுவோ, அதற்குத்தான் காசு கொடுக்கலாம்.